பூஜையில் வைத்த டிஸ்க்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பழையது கட்டிலுக்கு அடியில், வயிறு திறந்தபடி, கிழிந்த வேட்டி ஒன்றால் மூடிக் கிடக்கிறது. புதியது மகளின் மேஜைமேல் இருக்கிறது. பழையதில் இருந்ததெல்லாம் போய்விட்டது. புதியதில் பி.காம். பாடக் குறிப்புகளைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள், "பரவாயில்லையே, ரெண்டு கம்ப்யூட்டரா!" என்கிறார்கள். நான் காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

நாங்கள் இருப்பது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய ஒரு குடியிருப்பு நகரில். நான் தனியார் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் சக்கரங்கள் செய்யும் பட்டறையில் ஃபோர்மேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் செம்பரம்பாக்கம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து முதலில் எஸ்டேட்டுக்கு வந்தவர் இவர்தான். லேத் முன்னால் நின்று நின்றே மேலே வந்தார். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார். எங்கள் மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு கிரைண்டர் எல்லாமே அவர் கையில் ஒருமுறையாவது பிரிந்து சேர்ந்தவை. சேர்ந்த பிறகு அவை ஓடின என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு ஓடாமல் போயிருந்தால் நாங்கள் உஷாராக இருந்திருப்போம்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரே அவர் கொண்டுவந்ததுதான். பட்டறை அலுவலகத்தில் கழித்துப் போட்டதைத் தூக்கி வந்து, தூசி தட்டி, ஓட வைத்து மகளிடம் கொடுத்தார். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் ஒரே பெண். முதலில் விளையாட்டாகத்தான் அதில் வரைய ஆரம்பித்தாள். பிறகு அவளுடைய மாமா ஒரு வரைபலகை வாங்கித் தந்தார். பேனா போன்ற ஒன்றைப் பிடித்து அதன்மேல் கோடு இழுத்தால் திரையில் விழும். அதற்குப் பிறகு அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்புவது பெரும் பாடாகிவிட்டது.

என்ன வரைந்தாள் என்றால், ரயில்வே கேட்டில் காத்திருப்பவர்களை. எங்கள் நகரை விட்டு வெளியே போக வேண்டுமானால் அப்போது லெவல் கிராசிங்கைத் தாண்டியாக வேண்டும். கேட் போட்டால் இலேசில் திறக்காது. பள்ளிக்குப் போகவர அவள் அங்கே நின்றே வளர்ந்தாள். சிலிண்டர் வண்டிக்காரர் சிலிண்டர்மேல் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். மீன்கூடைக்காரம்மா பக்கத்து ஸ்கூட்டர் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொள்வாள். கேட் கம்பத்தின் நிழலில் ஒரு நாய் நீட்டிப் படுத்திருக்கும். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டவர்கள் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குனிந்து நுழைவார்கள். இவர்களையெல்லாம் அவள் வரைந்து வைத்திருந்தாள். மகள் என்பதால் சொல்லவில்லை. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேட்டில் நிற்பது அலுக்காமல் போனது.

பிளஸ் டூ வந்ததும், நகரத்தில் உள்ள டிசைன் கல்லூரி ஒன்றில்தான் சேருவேன் என்றாள். மதிப்பெண்ணைவிட அவர்கள் கேட்டது அவள் வரைந்தவற்றை. அதிலும் வெறும் படம் போதாது. ஒவ்வொரு கோடும் எந்த அடுக்கில் எப்படி விழுந்தது என்று தெரியும்படி, வரைந்த கோப்பே வேண்டும். இப்போது யார் வேண்டுமானாலும் இயந்திரத்திடம் சொல்லிப் படம் வாங்கிவிடலாம் அல்லவா, அதனால் அப்படி ஒரு விதி. மகள் கவலைப்படவில்லை. "எல்லாமே என்கிட்ட இருக்கும்மா," என்றாள்.

எல்லாமே அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் பென் டிரைவைச் சொருகினாலே அது உறைந்து நின்றுவிடும். அதன் விசிறி, கேட்டைத் தாண்டும் கூட்ஸ் வண்டி மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. கல்லூரிக்கு அனுப்புகிற வேலைக்கு இது தாங்காது என்று புது லேப்டாப் வாங்கினோம். அதைப் பிரித்து மேஜையில் வைத்து, பழையதிலிருந்து மாற்றலாம் என்று அதன் பொத்தானை அழுத்தினால் அது எழவே இல்லை. ஒரு பீப் சத்தம்கூட வரவில்லை.

"புதுசப் பாத்ததும் பழசுக்குப் பொறாம வந்துட்ச்சு," என்று என் கணவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அவருக்குத் தெரிந்தவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று கரையான்சாவடியில் இருந்தது. தெரியாதவர் கடைக்கு அவர் எதையும் எடுத்துப் போக மாட்டார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அவர் பட்டறையிலிருந்து வந்ததும் மூவருமாக அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போனோம். பட்டறையில் ஒரு வாரமாகப் பூஜைக்கு மெஷின் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் மண்ணெண்ணெய் வாசனை.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்.

"டிஸ்க்கு கல்லு மாதிரி கீதுக்கா. போர்டுதான் பூட்ச்சு."

"அப்போ படம்லாம் இன்னாவும் ஆவலியே?" என்றார் என் கணவர்.

"ஒன்னும் ஆவல அண்ணாத்தே. நீயே பாரு, லைனா கீது."

திரையில் மகள் பெயரிட்டு வைத்திருந்த மஞ்சள் கோப்புறைகள் வரிசையாக நின்றன. அவள் ஒன்றைத் திறந்தாள். சிலிண்டர்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். "அட, இவுரு எங்க ஏரியாவுல போடுறவரு மாதிரியே கீறாரே," என்றார் கடைக்காரர். மகள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அவள் அந்தப் படத்தை மூடினாள். அதுதான் கடைசி.

"இப்பவே வேற எதுலயாவது போட்டுக் குடுத்துடேன்பா," என்றேன்.

"எதுல போடுறது? என் மெஷின்ல எடமில்ல. புது லேப்டாப்ப நீங்க எடுத்தாரலியே. கொஞ்சநஞ்சமாவா வெச்சிக்கீது பாப்பா? உக்காந்து மாத்தணும்கா. எனக்கு இப்போ கட கழுவணும். நாளிக்கி பூஜ. பூஜயில வெச்சா மறுநா வரைக்கும் மெஷினத் தொட மாட்டேன். அதுக்கு அடுத்தநா லேப்டாப்போட வாங்க, மொத்தத்தையும் மாத்திக் குடுக்கறேன். டிஸ்க்கு இங்கயே இருக்கட்டும்."

கடை வாசலில் வாளி, துடைப்பம் எல்லாம் தயாராக இருந்தன. மகள் அதைப் பார்த்தாள்.

"வேணாம்மா. இங்க கழுவும்போது தண்ணி பட்டுடும். வீட்லயே இருக்கட்டும். அதான் பத்திரம்."

"ஊட்லயும் அதே பூஜதான பாப்பா!" என்று கடைக்காரர் சிரித்தார். பிறகு ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, "கீழ மட்டும் போட்டுடாத. தண்ணி படாம பாத்துக்க," என்றார்.

திறந்துவிடாதே என்று அவர் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாலு பக்கமும் ஆணி முடுக்கி ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருக்கும் ஒன்றைத் திறந்துவிடாதே என்று யார் யாரிடம் சொல்வார்கள்?

ஆட்டோவில் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையால் அணைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தன் துப்பட்டா ஒன்றில் சுற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்தாள்.

எஸ்டேட்டைத் தெரியாதவர்களுக்கு ஆயுத பூஜையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தீபாவளியைவிட அங்கே அதுதான் பெரிய நாள். வருடம் முழுக்க எண்ணெயும் இரும்புத் தூளும் அப்பிக் கிடக்கும் மெஷின்களை அந்த வாரம் பாகம் பாகமாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பூட்டுவார்கள். பிறகுதான் சந்தனம், குங்குமம், மாலை. அழுக்கோடு ஒரு மெஷினைப் பூஜைக்கு வைப்பது அதைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம் என்பார் என் கணவர். வெளியே மட்டும் துடைத்துவிட்டுப் பொட்டு வைக்கிறவனை அவர் தொழிலாளியாகவே மதிக்க மாட்டார். இதெல்லாம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். பெருமையாகவும் இருந்தது.

பட்டறைப் பூஜை மாலையில். வீட்டுப் பூஜையைக் காலையிலேயே முடித்துவிடுவோம். நானும் மகளும் பொரி, கடலை, மாவிலை, வாழைக்கன்று வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். கூட்டம். பூசணிக்காய்க்காரரிடம் பேரம் பேசி முடித்து வீடு வந்தபோது அவர் குளித்து, வேட்டி கட்டி, எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தார். ஸ்பேனர்கள், அவருடைய மைக்ரோமீட்டர், அரிவாள்மணை, தையல் மெஷின், என் பாடப் புத்தகங்கள், புது லேப்டாப். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு நுனி இலையில், சந்தனமும் குங்குமமும் வைத்து, அந்த டிஸ்க். துடைத்த எவர்சில்வர் மாதிரி மினுங்கியது.

"இத யாருப்பா எடுத்தது?" என்றாள் மகள்.

"நான்தான் பாப்பா. இதத்தான் மொதல்ல வெக்கணும். எத்தினி வருசமா ஒனக்கு ஒழச்சிக்கினு கீது."

"வெளியதான துடைச்சே?"

அவர் சிரித்தார். "வெளிய தொடச்சி இன்னா பிரயோஜனம்? உள்ள பாக்கணும் நீ. ரெண்டு தட்டு. அப்டியே கண்ணாடி! மூஞ்சி தெரியுது." என்னைப் பார்த்துத் திரும்பி, "ஸ்டிக்கருக்குக் கீய ஒரு ஸ்க்ரூவ ஒளிச்சி வெச்சிக்கிறான்மா. யாருகிட்ட? நான் ஸ்க்ரூவோட குடித்தனம் பண்றவன். என்கிட்டயேவா?" என்றார்.

மகள் இன்னும் வாழைக்கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தட்ட துடைச்சியாப்பா?"

"தண்ணி படாமதான் தொடச்சேன். கடக்காரன் சொன்னான்ல? மண்ணெண்ணகூட போடல. ஸ்பிரிட்டுதான். அச்சுல ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ண. ஒரு தூசி கெடையாது இப்போ."

அவள் குனிந்து அதை எடுக்கப் போனாள். அவர் குரல் உயர்ந்தது. "ஏய், தொடாத! பூஜயில வெச்சாச்சு. நாளிக்கிக் காலைல கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுக்கணும்."

"அவ பாக்கட்டுங்க," என்றேன்.

"டீச்சரு நீயே இப்டிப் பேசலாமா? பொஸ்தகத்த நீ எடுப்பியா இன்னிக்கி?"

நான் எடுக்க மாட்டேன். பூஜையில் வைத்த புத்தகத்தைச் சிறு வயதிலிருந்து நான் எடுத்ததில்லை. மகளும் எடுத்ததில்லை. பரீட்சைக்கு முந்தின நாளாக வந்த வருடம்கூட எடுத்ததில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் மணி அடித்து, தீபாராதனை காட்டி, எங்களுக்குத் திருநீறு இட்டார். மகளுக்கு இடும்போது, "நல்ல காலேஜு கெடைக்கணும்," என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார்.

அன்று முழுவதும் அவள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவர் பட்டறைப் பூஜைக்குக் கிளம்பிய பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, அத தொறந்தாலே அவ்ளோதானாம். உள்ள காத்துகூட படக்கூடாதாம்." எனக்கு அப்போதும் முழுதாக உறைக்கவில்லை. கடைக்காரர் ஏதாவது செய்துவிடுவார், இந்தக் காலத்தில் முடியாதது என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவள் போய் அந்த இலைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். குங்குமம் காய்ந்து உதிர்ந்து இலையில் கிடந்தது.

மறுநாள் கடை விடுமுறை. அதற்கு அடுத்த நாள் போனோம். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு, சொன்னபடியே. கடைக்காரர் டிஸ்க்கை மாட்டினார். அது 'டிக்' என்றது. கொஞ்சம் நின்று மறுபடி 'டிக்'. பல்லி சொல்வது மாதிரி. அவர் சட்டென்று இணைப்பைப் பிடுங்கிவிட்டார்.

"அண்ணே, இத தொறந்தீங்களா?"

"க்ளீன் பண்ணேன்."

"பூஜைக்கா?"

"பூஜைக்குத்தான்."

கடைக்காரர் சிரித்துவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணிப் பள்ளத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார்.

"சிட்டில ஒரு எடம் கீதுக்கா, எழுதித் தரேன். கேட்டுப் பாருங்க. ஆனா கையால தொட்ட டிஸ்க்க..."

"கையால தொடல தம்பி," என்றார் என் கணவர் அவசரமாக. "பனியன் துணியாலதான்."

அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சில நாள் சிரிப்பு வருகிறது. பெரும்பாலும் வருவதில்லை.

நகரத்துக்குள் அந்த இடத்துக்கும் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை. உள்ளே எடுத்துப் போனவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்றார். திறந்த மூடியோடு அதைத் திருப்பித் தந்தபோதுதான் நான் முதன்முதலாக அந்தத் தட்டைப் பார்த்தேன். என் கணவர் சொன்னது உண்மைதான். முகம் தெரிந்தது.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. என் கணவருக்கு மௌனம் தாங்காது. ஏதாவது சொல்லிச் சரிசெய்துவிட வேண்டும்.

"மறுபடி வரஞ்சிடு பாப்பா. எங்க பட்டறைல ஒரு பீஸு ரிஜெக்ட் ஆச்சின்னா குந்திக்கினு அழுவமா? அதே டிராயிங்க வெச்சி இன்னொன்னு ஓட்டுவோம்."

"அது பீஸ் இல்லப்பா."

"கையி ஓங்கையிதான? போட்ட கோடுதான?"

"எங்க போய்ப் பாத்து வரையறது?" என்று அவள் கத்தினாள். "கேட்டே இல்லப்பா இப்போ!"

கேட் இல்லைதான். அந்த வருடம்தான் மேம்பாலம் திறந்தார்கள். லெவல் கிராசிங் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டார்கள். யாரும் யாருக்காகவும் அங்கே நிற்பதில்லை. மீன்காரம்மா எந்த வழியாகப் போகிறாள் என்றே தெரியவில்லை. எல்லோரும் பாலத்தின்மேல் சீறிக்கொண்டு போகிறார்கள். முன்பு எங்கள் நகர்க்காரர்கள் அத்தனை பேரும் கேட்டைத் திட்டினோம். இப்போது திட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவர் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார். எனக்கே அதுவரை தெரியாது. மகள் வரையும்போதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் பின்னால் நின்று திரையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். பட்டறை கேன்டீனில் காட்டுவதற்காக. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மீன்காரம்மா, நாய், சைக்கிள்காரர்கள். எல்லாம் சாய்ந்தும், நடுங்கியும், ஓரம் வெட்டுப்பட்டும். அதைவிட மோசம், திரைக் கண்ணாடியில் அவருடைய உருவமே விழுந்திருந்தது. பனியனோடு, கையைத் தூக்கிப் போனைப் பிடித்தபடி. ஒவ்வொரு படத்திலும். சிலிண்டர்காரரின் மூடிய கண்ணுக்கு மேலே அவருடைய பனியன்.

மகள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவற்றைக் கல்லூரிக்கு அனுப்பி, நடந்ததையும் எழுதிக் கேட்டாள். நடந்தது என்று எதை எழுதினாளோ, எனக்குக் காட்டவில்லை. மரியாதையான பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். வரைந்த கோப்பு இல்லாமல் எதையும் ஏற்க இயலாது, அடுத்த ஆண்டு புதிய படைப்புகளோடு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? அந்தப் பனியன் படங்களை யாராவது கொண்டுவந்தால் நானும் நம்ப மாட்டேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வந்தது. அன்று அவள் ஆவடியில் பள்ளி விட்டு வர வேண்டிய ரயிலில் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பாதையோரம் குடியிருக்கும் ஒருத்திக்கு, ரயிலில் வராத பெண்ணைப் பற்றி என்னென்ன தோன்றும் என்று எழுத மாட்டேன். அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது முழுதாகப் போய் முடியும்வரை நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவளே போனில் பேசினாள். "வேப்பம்பட்டுல இருக்கேன்மா." ஆவடியைத் தாண்டிப் போகும் ரயிலைப் பிடித்து ஓடினேன். பிளாட்பாரக் கடைசியில், நிழல் இல்லாத பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் இன்னும் இருந்தது.

"இங்க யாருடி இருக்காங்க நமக்கு?"

"யாரும் இல்ல. ஆவடில அந்தப் பக்க வண்டி மொதல்ல வந்துது. ஏறிட்டேன்."

"அப்புறம்?"

"இங்க எறங்கினேன். கேட்டு இருக்கான்னு பாத்தேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எத்தனையோ வண்டிகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். வரும் வழியில் அவள் கையை நான் விடவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். இன்றும் அவள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை பேச வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் தங்களுக்குள் சிரிக்கிறார்கள்.

அவள் ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். அடுத்த ஆண்டுக்கு அந்த டிசைன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவில்லை. வரைபலகை அதன் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. நான் அதைப் பரண்மேல் போடவில்லை, அவள் கண்ணில் படுகிற இடத்திலேயே வைத்திருக்கிறேன். அவள் அதைத் தாண்டிப் போகிறாள்.

கேட்கிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். "பாவம், நல்ல மனசோடதான செஞ்சாரு." ஆமாம், நல்ல மனசோடுதான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குடித்துவிட்டுப் போட்டு உடைத்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். மகளும் அழுது தீர்த்திருப்பாள். இவர் பக்தியோடு, தன் தொழில் சுத்தத்தோடு, ஒரு தூசி விடாமல் அழித்திருக்கிறார். இதற்கு எந்த வார்த்தையைக்கொண்டு திட்டுவது? அவரை உட்கார வைத்து, மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "கேட்டா கொயந்த இன்னும் அழுவாதா?" என்றார். அவர் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

மறு ஆயுத பூஜை வந்தது. அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் கழுவி அடுக்கினார். நான் பொரியைக் கொட்டிக்கொண்டிருந்தேன். மகள் தன் அறையிலிருந்து லேப்டாப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். செருப்பைப் போட்டாள்.

"எங்கமா, பூஜ டைம்ல?" என்றார் அவர்.

அவள் அடுக்கி வைத்தவற்றை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாத்தையும் கழுவிட்டியாப்பா? நான்தான் பாக்கியா?"

போய்விட்டாள். அவர் கையில் மணி இருந்தது. அடிக்கவில்லை. நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் தூரமெல்லாம் போகவில்லை. கேட் இருந்த இடத்தில் எழுப்பிய சுவருக்குப் பக்கத்தில், பையை முன்பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு மின்சார ரயில் போனது. அதன் மேல்பகுதி மட்டும் சுவருக்கு மேலே தெரிந்தது. கீழே வந்து, "சுவத்துகிட்டதான் நிக்கறா," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தீபாராதனை காட்டினார். வேண்டுதல் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

பூஜை முடிந்ததும் அவள் திரும்பி வந்தாள். நான் பொரி கொடுத்தேன், வாங்கித் தின்றாள். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். பட்டறைக்குக் கிளம்பிய என் கணவர் சாவியை எடுக்க அந்த மேஜையைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, உடம்பை ஒருக்களித்துத் தாண்டினார். கடையில் கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவே நடக்கச் சொன்ன சிறு பிள்ளை மாதிரி.

முகம் துடைத்துக்கொண்டே வந்த மகள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பின்னால் கட்டிய கையை எடுங்கள், பரவாயில்லை என்று எங்களில் ஒருத்தியாவது சொல்லியிருக்கலாம்.

இன்று காலையும் அவர் அப்படித்தான் தாண்டிப் போனார். நாங்கள் இன்னும் சொல்லவில்லை.